108 வண்டி எங்கே நிற்கிறது? கிராமப்புற அவசர மருத்துவ உதவியாளரின் பணி குறித்த ஒரு விளக்கம்

கிராமத்தில் ஒரு விபத்திலோ பாம்புக்கடியிலோ உயிர் போன செய்தி வரும்போதெல்லாம், "ஆம்புலன்ஸ் தாமதமாக வந்தது" என்ற வரியும் கூடவே வருகிறது. அதைப் படிப்பவர் ஓட்டுநர் மெதுவாக ஓட்டினார் என்றோ, ஊழியர்கள் அலட்சியமாக இருந்தார்கள் என்றோ எண்ணிக்கொள்வது இயல்பு. அலட்சியம் எங்குமே நடப்பதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கிராமப்புறத்தில் பெரும்பாலான தாமதங்கள் வண்டியின் வேகத்தால் உண்டாவதில்லை. அழைப்பு வந்த நொடியில் அந்த வண்டி எங்கே இருந்தது என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதி, வண்டி வந்து சேர்ந்த பிறகு அதன் பின்பகுதியில் ஒரே ஒருவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தது. அந்த ஒருவரின் வேலை என்ன, அவர் கையில் இருப்பவை எவை, இல்லாதவை எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

## வண்டியில் இருப்பவர் யார்?

தமிழ்நாட்டில் 108 சேவை 2008-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கியது. வண்டியும் சிகிச்சையும் நோயாளிக்கு முழுக்க இலவசம். செலவை அரசு ஏற்கிறது, நடத்துவது ஒப்பந்த அடிப்படையிலான ஒரு நிறுவனம். ஒவ்வொரு வண்டியிலும் இருவர் இருப்பார்கள். ஒருவர் ஓட்டுநர், சேவைக்குள் அவரைப் பைலட் என்றே அழைக்கிறார்கள். மற்றவர் மருத்துவ உதவியாளர், பேச்சுவழக்கில் ஈ.எம்.டி. அவர் மருத்துவர் அல்லர். பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம். போன்ற செவிலியர் படிப்புகளோ டி.எம்.எல்.டி. என்னும் ஆய்வகப் படிப்போ முடித்தவர்களும், விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்களும் இந்தப் பணிக்குத் தேர்வு செய்யப்படுகிறார்கள். தேர்வானவர்களுக்கு வகுப்பறை, மருத்துவமனை, வண்டி ஆகிய மூன்று இடங்களிலுமாக ஏறத்தாழ 50 நாள் பயிற்சி தரப்படுகிறது. பணி இரவு, பகல் என மாறிமாறி வரும் 12 மணி நேர ஷிப்ட்.

வண்டிகளும் ஒரே வகையல்ல. அடிப்படை உயிர்காப்பு வண்டியில் ஆக்சிஜன், சளி உறிஞ்சும் கருவி, கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக், கழுத்துப்பட்டை, முதுகெலும்புப் பலகை, பிரசவப் பெட்டி முதலியவை இருக்கும். உயர்நிலை உயிர்காப்பு வண்டியில் இவற்றுடன் வென்டிலேட்டரும் இதய மின்னதிர்வுக் கருவியும் இருக்கும். பச்சிளங்குழந்தைகளுக்கென்று இன்குபேட்டர் பொருத்திய வண்டிகள் தனி. கிராமத்துச் சாலையில் நாம் அதிகம் காண்பது முதல் வகை.

## ஓர் அழைப்பின் நிமிடக் கணக்கு

தாமதம் என்ற ஒரே சொல்லுக்குள் பல துண்டுகள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எந்த நிமிடம் எங்கே போனது என்பது தெரியும்.

1. அழைப்பு சென்னையிலுள்ள கட்டுப்பாட்டு மையத்துக்குப் போகிறது. பேசுபவர் பதற்றத்தில் "மாரியம்மன் கோயில் பக்கத்துல" என்கிறார். ஒரே தாலுகாவில் மாரியம்மன் கோயில் இல்லாத ஊர் எது? ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊர்கள் இருக்கும் ஒன்றியங்களும் உண்டு. மாவட்டம், தாலுகா, ஊராட்சி என்று மையம் கேட்டுக்கொண்டே போவது வீண் விசாரணை அல்ல. தவறான ஊருக்கு வண்டியை அனுப்பாமல் இருப்பதற்கான ஒரே வழி அது.

2. மையம் வரைபடத்தில் அருகிலுள்ள வண்டியைத் தேடுகிறது. அருகில் இருப்பது என்றால் அருகில் காலியாக இருப்பது என்று பொருள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தினமும் நிற்கும் வண்டி அந்த நேரத்தில் வேறொரு நோயாளியுடன் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்.

3. வண்டி புறப்பட்டு நோயாளி இருக்கும் இடத்தை அடைகிறது. பொதுவாகத் தாமதம் என்று நாம் அளப்பது இதுவரைக்குமான நேரத்தைத்தான்.

4. மருத்துவ உதவியாளர் நோயாளியைப் பார்த்து, மூச்சுப் பாதையைச் சரிசெய்து, இரத்தப்போக்கை நிறுத்தி, எலும்பு முறிந்த இடத்தை அசையாமல் கட்டி, வண்டியில் ஏற்றுகிறார். "இன்னும் ஏன் கிளம்பவில்லை?" என்று சுற்றி நிற்பவர்கள் சத்தம் போடுவது இந்தக் கட்டத்தில்தான். கழுத்தெலும்பு முறிந்தவரைப் பலகையில் கிடத்தாமல் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் போட்டால் இரண்டு நிமிடம் மிச்சமாகும். ஆனால் அவர் பிழைத்தாலும் வாழ்நாள் முழுக்க நடக்க முடியாமல் போகலாம்.

5. மருத்துவமனைப் பயணம். நகரத்தில் பத்து நிமிடம். கிராமத்தில் ஒரு மணி நேரம் ஆவதும் சாதாரணம்.

6. ஒப்படைப்பு. நோயாளியை அவசரப் பிரிவில் விட்டு, நடந்தவற்றைச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். விபத்து, நஞ்சு, அடிதடி என்றால் காவல்துறைக்குத் தகவல் தரும் நடைமுறையும் சேரும். அங்கே படுக்கை காலியில்லை என்றால், வண்டியின் ஸ்ட்ரெச்சரே நோயாளியின் படுக்கையாகிவிடும். அது திரும்பக் கிடைக்கும்வரை வண்டி நகர முடியாது.

7. திரும்பி வருதல். இரத்தத்தைக் கழுவி, கிருமிநாசினி தெளித்து, ஆக்சிஜனை நிரப்பி, நிற்கும் இடத்துக்கு வந்து சேரும்வரை அந்தப் பகுதிக்கு வண்டி இல்லை.

கடைசி மூன்று துண்டுகளை யாரும் செய்தியில் எழுதுவதில்லை. ஆனால் அடுத்த ஊரில் அடுத்து அழைப்பவருக்குத் தாமதமாக வந்து சேர்வது அந்த மூன்றும்தான்.

## மக்கள்தொகையால் அளந்தால் தூரம் மறைந்துவிடும்

இந்தியாவில் பின்பற்றப்படும் பொதுவான அளவுகோல், ஒரு லட்சம் பேருக்கு ஓர் அடிப்படை உயிர்காப்பு வண்டி, ஐந்து லட்சம் பேருக்கு ஓர் உயர்நிலை வண்டி என்பது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் ஒரு சதுர கிலோமீட்டரில் 26,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். அங்கே ஒரு லட்சம் பேர் வாழும் பரப்பு ஏறத்தாழ 4 சதுர கிலோமீட்டர். இராமநாதபுரம் மாவட்டத்தில் 13.5 லட்சம் பேர் 4,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தில் பரந்திருந்தார்கள். அங்கே ஒரு லட்சம் பேரைச் சேர்க்க ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர் வேண்டும். அளவுகோல் ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு வண்டி காக்க வேண்டிய நிலம் 75 மடங்கு பெரியது.

மலைப்பகுதியில் சதுர கிலோமீட்டர்கூடச் சரியான அளவல்ல. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொரு வளைவிலும் வண்டி கிட்டத்தட்ட நின்றுதான் திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் பின்னால் ஒருவர் நின்றுபோன இதயத்தை இயக்க நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தால், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் என்று கற்ற பாடத்தை அவர் எப்படிக் கடைப்பிடிப்பார்? ஒரு கையால் கம்பியைப் பிடித்தால் அழுத்தம் குறையும். பிடிக்காவிட்டால் அவரே விழுந்துவிடுவார்.

## மாற்றுப் பயணங்கள்: வண்டி ஊரில் இல்லாததன் முக்கியக் காரணம்

108 வண்டி விபத்து நடந்த இடத்துக்கு மட்டும் ஓடுவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தாலுகா மருத்துவமனைக்கு, அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு, அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்கு என்று நோயாளியை மேலே அனுப்பும் ஒவ்வொரு படியிலும் வண்டி வேண்டும். மாற்றுப் பயணம் என்பது இதுதான். இராமநாதபுரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 110 கிலோமீட்டர். ஒருவரை அங்கே கொண்டுபோய் விட்டுத் திரும்பினால் அரை ஷிப்ட் முடிந்துவிடும். அதுவரை அந்த வண்டிக்குரிய கிராமங்களை அடுத்த வண்டி பார்க்க வேண்டும். அந்த வண்டியின் ஊர்களை அதற்கும் அடுத்தது பார்க்க வேண்டும்.

2022-ம் ஆண்டு ஜனவரியில் இராமநாதபுரம், அரியலூர், கிருஷ்ணகிரி, விருதுநகர் உள்ளிட்ட 11 மாவட்டங்களில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டதை மருத்துவ இடங்களின் எண்ணிக்கையாகவே எல்லோரும் பேசினார்கள். ஆம்புலன்ஸ் கணக்கில் அதன் மதிப்பு வேறு. மாவட்டத்துக்குள்ளேயே சிகிச்சை கிடைக்கும் ஒவ்வொரு நோயாளிக்கும், ஒரு வண்டி சில மணி நேரம் முன்னதாகத் தன் இடத்துக்குத் திரும்புகிறது. கிராமத்துக்கு ஆம்புலன்ஸ் விரைவாக வர வேண்டும் என்றால், மாவட்ட மருத்துவமனையில் நரம்பியல் அறுவை மருத்துவரை நியமிப்பதும் அதற்கான வழிகளில் ஒன்று. வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதைவிட இது பலன் தரும் என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து.

## ஒரு மணி நேரப் பயணத்தில் நடப்பது

கட்டுவிரியன் கடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். இது இரவுப் பாம்பு. தரையில் பாய் விரித்துத் தூங்குபவரைக் கடிக்கும். பல நேரங்களில் வலியோ வீக்கமோ இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுவார். வாயுக்கோளாறு என்று எண்ணி வீட்டிலேயே ஒரு மணி நேரம் போயிருக்கும். 108 வரும்போது, "கண்ணைத் திறக்கவே முடியலை" என்கிறார். அனுபவமுள்ள மருத்துவ உதவியாளருக்கு அந்தச் சொருகிய இமையே போதும்.

வண்டி கிளம்பியதும் நோயாளியை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்கிறார். முதல் முறை இருபதுவரை போகிறது. பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணச் சொன்னால் பன்னிரண்டில் மூச்சு வாங்குகிறது. அடுத்த முறை ஏழு. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் இன்னும் சரியாகவே இருக்கலாம். ஆனால் மூச்சுத் தசைகள் செயலிழந்து வருகின்றன என்பதை அந்த எண்கள் சொல்லிவிடுகின்றன. பேச்சு குழறத் தொடங்கியதும் ஆம்பு பேக்கை எடுத்து, முகமூடியை இடது கையால் முகத்தோடு அழுத்திப் பிடித்து, வலது கையால் பையை அமுக்கத் தொடங்குகிறார். ஐந்து அல்லது ஆறு நொடிக்கு ஒருமுறை. ஒரு மணி நேரத்துக்கு 600 முதல் 720 முறை. இடையில் சளியை உறிஞ்ச வேண்டும், கட்டுப்பாட்டு மையத்தில் இருக்கும் மருத்துவரிடம் தொலைபேசியில் பேச வேண்டும், போய்ச்சேரும் மருத்துவமனையில் வென்டிலேட்டர் தயாராக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். உதவிக்கு இருப்பவர் நோயாளியின் மகனோ அண்ணனோ. அவர் கையில் போனைக் கொடுத்துக் காதருகே பிடிக்கச் சொல்லித்தான் பேச வேண்டியிருக்கும். இந்த நோயாளிக்கு நினைவு தப்பியிருக்காது என்பதையும் குறிப்பிட வேண்டும். அசையவோ கண் திறக்கவோ முடியாவிட்டாலும் அவருக்குக் காது கேட்கும். அதனால் நல்ல உதவியாளர்கள் பையை அமுக்கிக்கொண்டே அவரிடம் பேசிக்கொண்டு வருவார்கள்.

ஆக்சிஜனுக்கும் கணக்கு உண்டு. பி-டைப் சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 1,500 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 150 நிமிடம், 15 லிட்டர் என்றால் 100 நிமிடம். நகரத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் தேவைப்படாது. 110 கிலோமீட்டர் போக வேண்டியவர் புறப்படுவதற்கு முன்பே இதைப் போட்டுப் பார்த்தாக வேண்டும்.

பிரசவம் இன்னொரு வகைச் சோதனை. தலை தெரியத் தொடங்கினால் உதவியாளர் செய்யும் முதல் காரியம் பைலட்டை வண்டியை ஓரங்கட்டச் சொல்வது. ஓடும் வண்டியில் குழந்தையை ஏந்த முடியாது. ஏ.சி.யை நிறுத்துகிறார்கள், ஈரக் குழந்தைக்குக் குளிர் ஆகாது. துடைத்து, தாயின் மேல் தோலோடு தோலாகக் கிடத்தி, தலையைத் துணியால் மூடுகிறார்கள். முதல் ஒரு நிமிடத்துக்குள் குழந்தை மூச்சுவிட வேண்டும். இல்லையென்றால் சிறிய முகமூடியும் சிறிய ஆம்பு பேக்கும். அது அழுத பிறகு கவனம் தாயின் இரத்தப்போக்குக்குத் திரும்புகிறது. ஒரே உதவியாளர், இப்போது இரண்டு நோயாளிகள்.

## அவர்களால் செய்ய முடியாதவை

வண்டியிலேயே பாம்புக்கடி ஊசியைப் போட்டுவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். இந்தியாவில் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்து ஒரே முறிமருந்துதான். அதற்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதியை வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் சேகரித்துத் தருகிறார்கள். மூலப்பொருள் நம் மண்ணிலிருந்தே போகிறது. ஆனாலும் மருந்து வண்டியில் இல்லாததற்குக் காரணம் உண்டு. குதிரையின் இரத்தத்திலிருந்து தயாராகும் அம்மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கி, சில நிமிடங்களில் உயிரையே பறிக்கக்கூடியது. அதைச் சமாளிக்க மருத்துவரும் வசதியும் வேண்டும். எனவே உதவியாளரின் கடமை, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் கட்டி, இறுக்கிக் கட்டிய கயிறு இருந்தால் மைய மருத்துவரைக் கேட்டுக்கொண்டு கையாண்டு, முறிமருந்தும் மருத்துவரும் இருக்கும் அருகிலுள்ள இடத்துக்குக் கொண்டுசேர்ப்பது.

அதேபோல் ஒருவர் இறந்துவிட்டார் என்று அறிவிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அது மருத்துவரின் வேலை. உடல்களை ஏற்றிச் செல்வதும் 108-ன் பணியல்ல. அரசு மருத்துவமனையிலிருந்து உடலை இலவசமாக வீட்டுக்குக் கொண்டுசெல்ல அமரர் ஊர்தி இருக்கிறது, அதன் எண் 155377. இந்த வேறுபாடு தெரியாததால், துயரத்தில் இருக்கும் உறவினர்களின் கோபம் வண்டியிலிருக்கும் இருவர் மீது பாய்கிறது. சில இடங்களில் கைகலப்பாகவும் முடிகிறது.

## அருகிலுள்ள மருத்துவமனையா, சரியான மருத்துவமனையா?

பத்து கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம், நாற்பது கிலோமீட்டரில் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை. தலையில் அடிபட்டவரை எங்கே கொண்டுபோவது? முதலில் சொன்ன இடத்தில் நிறுத்தினால் அங்கிருந்து இன்னொரு மாற்றுப் பயணம். நேராகப் போனால் வழியிலேயே நிலை மோசமாகலாம். மூச்சுப் பாதை அடைபடும் நிலையென்றால் அருகிலேயே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் சிகிச்சை முழுமையாகக் கிடைக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்பது பொது விதி. விதியை நோயாளியோடு பொருத்திப் பார்ப்பதுதான் கடினம்.

இந்த முடிவில் பணம் குறுக்கிடக் கூடாது என்பதற்குச் சட்டத் துணை இருக்கிறது. அவசர நிலையில் வருபவருக்கு அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் உடனே சிகிச்சை தர வேண்டும், போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-ம் ஆண்டு பரமானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் செலவை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் அரசே ஏற்க வழிசெய்தது. "இவருக்குப் பணம் யார் கட்டுவார்கள்?" என்ற கேள்விக்கு ஸ்ட்ரெச்சரைப் பிடித்தபடி பதில் சொல்ல வேண்டிய நிலை, விபத்து நோயாளிகளைப் பொறுத்தவரை, இதனால் பெரிதும் குறைந்தது.

## காத்திருப்பதும் வேலைதான்

வண்டி மர நிழலில் நிற்பதைப் பார்ப்பவர்களுக்கு உள்ளே இருப்பவர்கள் சும்மா இருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்த நேரத்தில் அவர்கள் வீட்டுக்குப் போக முடியாது, ஆழ்ந்து தூங்க முடியாது, பாதிச் சாப்பாட்டில் எழ வேண்டியிருக்கும். பல இடங்களில் அவர்களுக்கென்று கழிப்பறையோ கால் நீட்ட ஓர் அறையோ கிடையாது. இரவு ஷிப்டில் இருக்கும் பெண் உதவியாளருக்கு இது சிறிய குறை அல்ல.

சட்டத்தின் பார்வையும் இங்கே கவனிக்க வேண்டியது. பேருந்து, லாரித் தொழிலாளர்களுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம். அதே சட்டத்தின் 38-வது பிரிவு, நோயாளிகளையும் காயமுற்றவர்களையும் ஏற்றிச் செல்லும் வண்டிகளை அதன் வரம்பிலிருந்து விலக்கி வைத்தது. அவசரச் சேவை மணி பார்த்து நிற்கக் கூடாது என்பதே அதன் நோக்கமாக இருந்திருக்க வேண்டும். நடைமுறையில், ஓய்வு மிகவும் தேவைப்படுபவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாமல் போனது. பதினோராவது மணி நேரத்தில் வரும் அழைப்பை ஏற்று 100 கிலோமீட்டர் போனால், ஷிப்ட் பதினைந்து மணி நேரமாகும். கண் செருகும் பைலட் ஓட்டும் வண்டியில் படுத்திருப்பது நம் வீட்டு நோயாளி என்ற வகையில் இது ஊழியர் பிரச்சினை மட்டுமல்ல.

படிப்பு, பதிவு ஆகியவற்றில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2021-ம் ஆண்டின் தேசியத் துணை மருத்துவப் பணிகள் ஆணையச் சட்டம், அவசர மருத்துவத் தொழில்நுட்பரை ஒரு தனித் தொழிலாகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஐம்பது நாள் பயிற்சியிலிருந்து முறையான பட்டப்படிப்புக்கும் பதிவுக்கும் போகும் பாதை அது. அந்தப் பாதையில் ஊதியமும் சேர்ந்து உயராவிட்டால், பயிற்சி பெற்றவர் இரண்டு ஆண்டில் வேறு வேலைக்குப் போவது தொடரும். ஊரின் வழிகளையும் வளைவுகளையும் அறிந்த அனுபவம் ஒவ்வொரு முறையும் அவரோடு போய்விடும்.

## சாலையும், அழைப்பவர் கையிலுள்ள நிமிடங்களும்

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே இறந்தது. மலைக்கு வண்டி போகும் சாலை அப்போது இல்லை. இத்தகைய ஊர்களில் டோலி கட்டித் தூக்கி வருபவர்களே முதல் ஆம்புலன்ஸ். மலைப்பகுதி சுகாதார நிலையங்களில் அமைக்கப்பட்ட பிரசவக் காத்திருப்பு அறைகள், நாள் நெருங்கிய பெண்களை முன்னதாகவே கீழே வரவழைத்து இந்தத் தூரத்தைக் கடக்கின்றன. பாம்புக்கடிக்கு அப்படி முன்னதாக வர முடியாது. அங்கே சாலை ஒன்றே வழி.

சாலை இருக்கும் ஊர்களில் சில நிமிடங்கள் நம் கையில் இருக்கின்றன:

1. அழைக்கும்போது மாவட்டம், தாலுகா, ஊராட்சி, ஊர் என்ற வரிசையில் சொல்லுங்கள். அதன் பிறகு கோயில், பள்ளி, தண்ணீர்த் தொட்டி போன்ற அடையாளம்.

2. அழைத்த எண்ணை வேறு யாருக்கும் பேசப் பயன்படுத்தாதீர்கள். வண்டியிலிருந்து அந்த எண்ணுக்குத்தான் அழைப்பார்கள்.

3. பாம்பு கடித்த இடத்தைக் கீறவோ, பூச்சிமருந்து உள்ளே போனவரை உப்புக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவோ கூடாது. வாந்தி நுரையீரலுக்குள் போனால், வண்டியில் இருப்பவரின் வேலை இரட்டிப்பாகும். மருந்து பட்ட துணியைக் கழற்றி, உடலைத் தண்ணீரால் கழுவி, இடப்பக்கமாகப் படுக்க வையுங்கள். மருந்துப் புட்டியை வண்டியில் கொடுத்தனுப்புங்கள்.

4. நோயாளியைச் சுற்றி இருபது பேர் நிற்பதில் பயனில்லை. அவர்களில் ஒருவர் டார்ச் லைட்டுடன் ஊர் பிரியும் முக்குக்குப் போய் நின்று, வண்டியின் நீல விளக்கு தெரிந்ததும் கையை அசைத்து வழிகாட்டட்டும்.